பழைய மலிவு ரீல்களை வாங்கலாமா? 27 ரீல் வைத்திருப்பவனின் பதில்

கேள்வி: அமெரிக்காவில் கராஜ் சேல்களில் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது) ஐந்து, பத்து டாலருக்குப் பழைய தூண்டில் கம்பு, நரம்பைச் சுற்றும் ரீல் எல்லாம் கிடைக்கிறதே, வாங்கலாமா? சேர்த்து வைத்தால் பின்னால் விலை ஏறுமா? அவற்றை வைத்து உண்மையிலேயே மீன் பிடிக்க முடியுமா?

விலை ஏறாது. மீன் மாட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் கிளம்பலாம்.

நான் இருப்பது ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில். வந்து பதினோரு வருடம் ஆகிறது. கராஜில் இப்போது 27 ரீல்களும் 14 கம்புகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 டாலர் செலவாகியிருந்தால் அதிகம். ஒன்றைக்கூடக் கண்ணாடி அலமாரியில் வைக்கவில்லை. எல்லாமே ஏரிக்குப் போய் வந்தவை.

சொந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். தாமிரபரணியில் மூங்கில் கம்பு, தங்கூஸ், சோளத்தட்டைத் தக்கை, கொட்டாங்கச்சி நிறைய மண்புழு, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. ரீல் என்றால் தியேட்டரில் ஓடுவது, இல்லாவிட்டால் சித்தப்பா விடுவது. அதனால் இங்கே வந்த முதல் வசந்தத்தில், எங்கள் தெருவில் ஒரு கராஜ் சேலில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த, பித்தானை அழுத்தி வீசும் ரீலைப் பார்த்தபோது அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. விற்ற பெரியவர் கம்போடு சேர்த்து 4 டாலர் என்றார். ரீலைத் திருப்பினால் அடியில் டல்சா என்று பொறித்திருந்தது. "இந்த ஊரில்தான் செய்தார்கள், தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது.

அது ஜெப்கோ 33. அன்று இரவே உட்கார்ந்து அதன் கதையைப் படித்தேன். ஜெப்கோ என்பது ஒரு பெயரின் சுருக்கம்: ஜீரோ ஹவர் பாம் கம்பெனி. 1932-ல் டல்சாவில் தொடங்கிய இந்த நிறுவனம் எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கி வெடிக்க வைக்கும் நேர வெடிகளைச் செய்தது. 1947-ல் டெக்சாஸைச் சேர்ந்த ஆர். டி. ஹல் என்ற கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒரு யோசனையோடு அங்கே வந்தார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் ஆள் அசையாத நூல் உருண்டையிலிருந்து நூலைச் சிக்கில்லாமல் இழுப்பதைப் பார்த்தபோது தோன்றிய யோசனை என்பார்கள். அதுவரை இங்கே பெரும்பாலும் புழங்கிய ரீல்களில் சுருள் சுற்றும். வீசும்போது கட்டைவிரலால் சரியாக அழுத்தாவிட்டால் நரம்பு (நம் தங்கூஸ்தான்) சிக்கிக் குருவிக்கூடாகிவிடும். ஹல்லின் ரீலில் சுருள் அசையாது, நரம்பு மட்டும் முன்மூடியின் ஓட்டை வழியே உருவிக்கொண்டு போகும். 1949-ல் முதல் ரீல் வந்தது, 1954-ல் 33 வந்தது, 1956-ல் கம்பெனி பெயரே ஜெப்கோ ஆனது. வெடிக்கம்பெனி மீன்பிடிக் கம்பெனியாகிவிட்டது.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. பித்தானை அழுத்தினால் நரம்பைப் பிடித்திருக்கும் சிறு ஊசி உள்ளே போகும். கம்பை வீசி, சரியான இடத்தில் கட்டைவிரலை எடுத்தால் நரம்பு பறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் 'டக்' என்று ஊசி வெளியே வந்து நரம்பைப் பிடித்துச் சுருளில் சுற்றும். என் மகள் ஐந்து வயதில் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கு அரை நாள் ஆனது.

சரி, ஏன் பழசு, அதிலும் ஏன் மலிவானது? விலை உயர்ந்த பழைய சாமான்களை வாங்குகிறவர்கள் வேறு ஜாதி. மரத்தில் செய்த ஹெடன் பொய் இரைகள், பெட்டி கலையாத ரீல்கள் என்று ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள், தண்ணீரில் நனைக்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது சாதாரணத் தொழிலாளி சனிக்கிழமை எடுத்துப் போன சாமான். அதைக் கழற்றிச் சரிசெய்யலாம். 33-ன் முன்மூடியைத் திருகினால் கையோடு வந்துவிடும். பின்பக்கம் ஓரிரு திருகாணிதான். உள்ளே உலோகப் பற்சக்கரம் எதிரே தெரியும், எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்ததுமே புரிந்துவிடும். கையேடு எதுவும் தேவையில்லை. இதெல்லாம் கோடிக்கணக்கில் விற்ற சாமான், அதனால்தான் விலை ஏறாது. அதே காரணத்தால் ஒன்று உடைந்தால் உதிரிபாகத்துக்கு இன்னொன்றை 3 டாலருக்கு வாங்கலாம்.

ஜெப்கோ மட்டும்தான் என்றில்லை. மினசோட்டாவில் செய்த ஜான்சன் செஞ்சுரி என்ற பச்சை நிற ரீல் அடிக்கடி கண்ணில் படும். பிரான்ஸில் செய்த மிச்செல் 300 ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கும் போல, இன்னும் கிடைக்கிறது. அது பித்தான் ரீல் இல்லை, திறந்த சுருள் உள்ளது. அது பிறந்த க்ளூஸ் என்ற ஊரும் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன இடம். கடிகாரக்காரர்களுக்கும் தூண்டிலுக்கும் என்ன பொருத்தமோ! அப்புறம் சீயர்ஸ் கடை விற்ற டெட் வில்லியம்ஸ் ரீல்கள். பேஸ்பால் ஆட்டக்காரரான அவர் 1960-ல் ஓய்வு பெற்றபின் சீயர்ஸோடு சேர்ந்தார். நல்ல மீன்பிடிக்காரரும்கூட. கடை எதையும் தானே செய்யவில்லை, வேறு கம்பெனிகள் செய்ததில் இந்தப் பெயரை ஒட்டினார்கள். உள்ளே இருப்பது பிரபலமான கம்பெனியின் சரக்காகவே இருக்கலாம். ஆனால் கடைப்பெயர் போட்டதற்கு விலை குறைவாகத்தான் சொல்வார்கள்.

கம்பு விஷயத்தில் நான் ஃபைபர்கிளாஸ் கட்சி. அதற்கு முன் நல்ல கம்பெல்லாம் சீனாவின் டொங்கின் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தவை. 1950 கடைசியில் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தைத் தடை செய்ததும் மூங்கில் வரத்து நின்றது, கண்ணாடி இழைக்கு யோகம் அடித்தது. ஆனால் ஷேக்ஸ்பியர் கம்பெனி 1947-லேயே ஒண்டர்ராட் என்ற வெள்ளைக் கம்பைக் கொண்டுவந்துவிட்டது. (நிறுவனர் பெயர் நிஜமாகவே வில்லியம் ஷேக்ஸ்பியர். 1897-ல் மிச்சிகனின் கலமசூவில் தொடங்கினார். நாடகம் எதுவும் எழுதவில்லை.) இந்தக் கம்புகள் கனம், வளைவும் மெதுவானது. இன்றைய கிராஃபைட் கம்பு போல மண்ணில் ஊர்கிற புழுவைக் கைக்குச் சொல்லாது. ஆனால் உள்ளங்கை அளவு ப்ளூகில் மீன் மாட்டினாலும் அடிவரை வளையும். ப்ளூகில்லை முதலில் பார்த்தபோது நம் ஊர் ஜிலேபி என்றுதான் நினைத்தேன். அது வட்டம் போட்டு இழுக்கும்போது கையில் பழைய மூங்கில் கம்பு பிடித்த அதே உணர்வு. கார் கதவில் மாட்டினாலும் லேசில் உடையாது, அதையும் சோதித்துவிட்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். கைப்பிடியைச் சுற்றுங்கள். கடினமாக இருந்தால் பயப்படாதீர்கள், பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், சுத்தம் செய்தால் போய்விடும். 'கரகர' என்று பல் தாண்டினால் வைத்துவிடுங்கள். முன்மூடியைத் திறந்து அந்தச் சிறு ஊசியை நகத்தால் தடவுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். கம்பில் உள்ள வளையங்களுக்குள் ஒரு பஞ்சை விட்டு இழுங்கள், இழை மாட்டினால் அந்த வளையத்தில் விரிசல். இரண்டு துண்டுகளும் சேரும் உலோகப் பூண் ஆடக்கூடாது. இறுக்கமாக இருந்தால் இங்குள்ள பெரியவர்கள் அதை மூக்கோரத்தில் தேய்த்து அந்த எண்ணெய்ப் பசையோடு சொருகுவார்கள். எனக்குத் தலையில் தேய்த்தாலே போதும்.

எண்ணெய் என்றதும் என் அசட்டுத்தனம் ஒன்று. முதல் ரீலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தேன். பிறகு வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். கோடை முழுக்க வெண்ணெய் போல ஓடியது. ஜனவரியில் ஏரிக்குக் கொண்டுபோனால் கைப்பிடி அசையவே இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது பாட்டிக்குத் தெரியும், குளிர்காலத்தில் பாட்டிலை வெயிலில் வைப்பாள். பொறியியல் படித்த எனக்கு டல்சாவின் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. இப்போது அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பற்சக்கரத்துக்கு லேசாக கிரீஸ். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் வட்டுகளில் எதுவும் படக்கூடாது. பழைய நரம்பைத் தூக்கி எறியுங்கள். வருடக்கணக்கில் சுருண்டு கிடந்த நைலான் ஸ்பிரிங் மாதிரி நிற்கும். 33-க்கு 8 அல்லது 10 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு போதும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், மூடிக்குள் பொங்கிச் சிக்கிக்கொள்ளும்.

பழைய பெட்டியோடு வரும் பொய் இரைகளில் ஒரு கண்ணி உண்டு. ரப்பர் புழுக்கள் இருந்தால் அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். அவற்றை மிருதுவாக வைத்திருக்கும் ரசாயனம் கசிந்து பக்கத்தில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். எனக்குக் கிடைத்த ஒரு பெட்டியில் அழகான ஆறு இரைகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தேன். கராஜ் வெயிலில் எல்லாம் உருகி ஒரே பாகாகியிருந்தது, பெட்டியின் அடிப்பாகம் உட்பட. ஈயக்குண்டுகளும் நிறைய இருக்கும், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். பல்லால் கடித்து நரம்பில் பொருத்துவது நம் ஊர்ப் பழக்கம், அதையும் விட்டுவிடுங்கள்.

இனி குறைகள். பித்தான் ரீலில் நரம்பு மூடியில் உரசிக்கொண்டு போவதால் தூரம் வராது. பழைய டிராக் பெரும்பாலும் முழுக்கப் பிடிக்கும், இல்லாவிட்டால் முழுக்க விடும். நான் ஒரு தடவை கீஸ்டோன் ஏரியில் அதை இறுக்கி வைத்துவிட்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கெளுத்தி கம்பையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது. ரீல் மேல் தப்பில்லை, டீ மேல்தான். உப்புத் தண்ணீருக்கு இவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம், ஒரே வாரத்தில் துரு தின்றுவிடும்.

வசந்தத்தில் சாண்ட் பாஸ் முட்டையிட ஆற்றில் மேலேறும். மாநில மீனான வெள்ளை பாஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். போன ஏப்ரலில் அலுவலக நண்பன் 200 டாலர் ரீலோடு வந்தான், நான் 4 டாலர் ரீலோடு போனேன். இந்த மாதிரிக் கதைகளில் மலிவு ரீல்தான் ஜெயிக்கும். இங்கே அவன் பதினொன்று பிடித்தான், நான் நான்கு. அவனால் எதிர்க்கரைப் பாறையடி வரை வீச முடிந்தது, மீன் அங்கேதான் இருந்தது. நான்கு மீன் எங்கள் வீட்டுக் குழம்புக்குப் போதும் என்பது வேறு விஷயம்.

அதனால் முதல் ரீல் வாங்குகிறவருக்கு என் யோசனை இதுதான்: அடியில் அமெரிக்காவில் செய்தது என்று பொறித்த உலோக மூடிப் பித்தான் ரீல், ஆறடிக்குக் குறையாத ஃபைபர்கிளாஸ் கம்பு, இரண்டுக்கும் சேர்த்து 10 டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தால் தூக்கம் கெடாத விலையாக இருக்க வேண்டும். மீன்பிடி லைசென்ஸ் எடுக்க மறக்காதீர்கள், அது ரீலை விட விலை அதிகம்.

ஒரு திருத்தம். மேலே 27 ரீல் என்று எழுதியது கராஜில் இருக்கும் கணக்கு. போன சனிக்கிழமை வாங்கியது இன்னும் கார் டிக்கியில் கிடக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.