900 அங்கத்தவர் கோவை (பைல்), பெயர் வரிசை: மாற்றலாமா?

மாற்றுங்கள், அங்கத்துவ இலக்க வரிசைக்கு. ஏறாவூர்ப் பக்கக் கடன் சங்கம், 900 கோவை, அகரவரிசையில் அடுக்கியும் ஒன்றைத் தேட அரை மணி என்கிறீர்கள். பெயரால் தேட, பெயரையும் அதன் இலக்கத்தையும் எழுதிய ஒரு சுட்டிக் கொப்பி தனியே போதும்.

காரணம் பெரும்பாலும் தலைப்பெழுத்துத்தான். க. தங்கராசாவை ஒருவர் 'க'வில் வைப்பார், அடுத்தவர் 'த'வில். இங்கிலிசில் எழுதிய கோவை என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல்.

நம்பிக்கை இல்லையென்றால், 10 பெயரை எழுதிப் புதிதாக வந்த பிள்ளையிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பிந்திக் கிடைத்தவை எந்த எழுத்தில் கிடந்தன என்று பாருங்கள், விளங்கும்.

அடையாள அட்டை இலக்கத்தில் அடுக்கச் சொல்வார்கள். வேண்டாம். பழைய அட்டைக்கு 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதற்கு 12 இலக்கம். அட்டை மாற்றிய ஆளுக்கு இரண்டு கோவை முளைக்கும்.

ஒன்று கவனம்: இலக்க வரிசையில் இடம் மாறிய கோவையை ஊகித்துத் தேட முடியாது. எடுத்த இடத்தில் யார், எப்போது என்று எழுதிய மட்டையைச் செருகுங்கள். அடித்தட்டில் எதையும் வைக்காதீர்கள், மார்கழி மழை வருகிறது.