காதடைப்பான் போட்டிருந்தும் இரவு முழுவதும் காது இரைந்தது ஏன்?

அடைப்பான் காதுக்குள் போதிய ஆழம் போகவில்லை என்பதே, இசை நிகழ்ச்சிக்குப் பின் உங்கள் காது இரைந்ததற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நுரை அடைப்பானைத் திரிபோல் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்திருங்கள். பிறகு பேசிப் பாருங்கள். சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் (பலரும் அப்படித்தான் போடுகிறார்கள்) பயன் சொற்பமே.

ஒலிபெருக்கியை ஒட்டி நிற்காதீர்கள். 100 டெசிபலில் வெறுங்காது தாங்குவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 நிமிடம்தான்.

இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள்.