வாசகர் கேள்வி பதில்: கோவாவும் கடுகும் கலத்துக்குள் செய்யும் வேலை

கேள்வி: கோவாவிலும் கடுகிலும் உடற்கலங்களைக் காக்கும் சத்து இருக்கிறதாம். நாங்கள் கோவாவை வெட்டி, மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, கடுகு தாளித்துச் சுண்டல் செய்கிறோம். சத்து மிஞ்சுமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மிஞ்சுவது கொஞ்சம்தான். நீங்கள் தேடும் பொருள் முழுக் கோவாவில் இல்லை, வெட்டும்போதுதான் உண்டாகிறது. சினிக்ரின் என்ற கந்தகச் சேர்வையும் மைரோசினேஸ் என்ற நொதியமும் இலைக்குள் தனித்தனியே இருக்கும். கத்தி பட்டதும் இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேற்று பிறக்கும். அரைத்த கடுகின் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கிறதே, அது இதுதான்.

பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் நஞ்சு இது. நம் கலத்துக்கும் இது ஓர் உறுத்தல். நன்மையே அந்த உறுத்தலால்தான். கலம் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டிருக்கும். கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பும். கடுகுக் காரம் கீப்1இல் உள்ள கந்தகத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் பிடி தளரும். தப்பிய என்ஆர்எஃப்2 கலத்தின் கருவுக்குள் புகுந்து, குளுட்டதயோன் என்ற காப்புப் பொருளையும் காப்பு நொதியங்களையும் ஆக்கும் பரம்பரையலகுகளை முடுக்கிவிடும். கலத்தைச் சிதைக்கும் ஒட்சியேற்றத்தை எதிர்ப்பது அப்படிக் கலம் தானே செய்துகொண்ட நொதியங்கள். சாப்பிட்ட சத்து சிறுநீரோடு போன பிறகும் அவை வேலை செய்யும்.

இனி உங்கள் சுண்டல். வெட்டிய பிறகு ஊறப்போட்டால் சினிக்ரின் தண்ணீரோடு போய்விடும். மருந்தடித்த கோவா என்ற பயம் நியாயமானது. ஆகவே இலைகளை முழுசாகக் கழற்றி, மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கழுவி, நீர் வடித்த பிறகு மெல்லிசாக அரியுங்கள். 10 நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகு தேங்காய்ப்பூவோடு 3, 4 நிமிடம் மட்டும் வதக்குங்கள். நீண்ட நேரம் அடுப்பில் கிடந்தால் நொதியமும் செத்துவிடும், காரமும் ஆவியோடு பறந்துவிடும்.

தாளித்த கடுகு வாசத்துக்கு மட்டுமே, கொதிக்கும் எண்ணெயில் அதன் நொதியம் தப்பாது. அரைத் தேக்கரண்டி கடுகை இடித்து, பச்சைத் தண்ணீரில் குழைத்து 10 நிமிடம் வைத்து, சட்டியை இறக்கிய பின் கலவுங்கள். சுடுநீரோ வினாகிரியோ முதலிலேயே சேர்த்தால் காரம் எழும்பாது. தேசிக்காய்ப் புளியைக் கடைசியில் விடுங்கள். 200 கிராம் அவித்த புரொக்கோலியில் 1 கிராம் கடுகுத்தூள் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் உடலில் இதே வகைச் சத்தான சல்போரபேன் 4 மடங்குக்கு மேல் சேர்ந்ததாக 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கேள்வி: வாப்பா சிகரெட் குடிப்பவர். அன்டிஒக்ஸிடன்ட் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் என்ற அன்டிஒக்ஸிடன்ட் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கீரையும் கோவாவும் உணவாகத் தாராளமாகக் கொடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வாவரின் மருந்து குடிப்பவரானால் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, விற்றமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும்.