அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா?

அன்புள்ள அக்கா,

சிட்னியில் டூங்காபியில் இருக்கிறேன். வயது 31. ஆராதனைப் பாட்டுகளால் உலகமெங்கும் பேர்பெற்ற, இங்கே சிட்னியில் தொடங்கிய ஹில்சாங் சபையைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று ரொம்ப நாளாக எதிர்பார்த்தேன். எழுதவில்லை, அதனால் நானே கேட்டுவிடுகிறேன்.

பதினேழு வயதில் பள்ளித் தோழன் ஒருவன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். அம்மா அப்பா போகும் தமிழ் ஆராதனையில் எனக்கு ஒட்டவே இல்லை. இங்கே முதல் நாளே ஒட்டிக்கொண்டேன். பல வருஷம் ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து போய், கார் நிறுத்துமிடத்தில் வழிகாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். என் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் அங்கே கிடைத்தவர்கள்தான். 2022 மார்ச்சில், சபையைத் தொடங்கிய போதகர் பிரையன் ஹூஸ்டன் விலகினார். அதற்குப் பிறகு எங்கள் குழு உடைந்துவிட்டது. பாதிப் பேர் வேறு சபைகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் எங்குமே போவதில்லை. நானும் அப்படித்தான்.

அம்மாவிடம் பேசினால், "அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதேன்னு வசனம் இருக்கு, நீ பேசாதே, தேவன் பார்த்துக்குவார்" என்கிறார். நண்பர்களோ, "ஒரு மனுஷன் விழுந்துட்டார், அதுக்காக சபையே தப்பா?" என்கிறார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. ஹில்சாங் பாட்டுகளைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் அக்கா)

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் இருட்டு விலகுவதற்குள் எழுந்து போய் கார் நிறுத்துமிடத்தில் நின்ற அந்தப் பையன்தான் கண்முன் வந்தான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நின்றது வீண்போகவில்லை. நீங்கள் கைகாட்டி உள்ளே விட்ட கார்களில், அன்றைக்கு அழுவதற்கு ஓர் இடம் தேடி வந்தவர்களும் இருந்திருப்பார்கள். யார் விலகினாலும் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

அம்மா சொல்வது சங்கீதம் 105, 15-ஆம் வசனம். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். காணிக்கைக் கணக்கு எங்கே என்று யாராவது முணுமுணுத்தால் போதும், இந்த வசனம் வந்து விழும். ஆனால் மூன்று வசனம் மேலே போய் வாசித்துப் பாருங்கள். அங்கே பேச்சு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பற்றியது. 'கொஞ்சத்தொகைக்குட்பட்ட சொற்ப ஜனங்களும் பரதேசிகளும்' என்கிறது சங்கீதம். தேசம் தேசமாக அலைந்தவர்கள். அவர்கள் மேல் கைவைக்காதே என்று கர்த்தர் கடிந்துகொள்வது ராஜாக்களை. பலமில்லாதவனுக்காகப் பலவானிடம் சொன்ன வார்த்தையை எடுத்து, ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் அரங்கத்தில் மேடைமேல் நிற்பவருக்குக் கேடயமாகக் கொடுத்துவிட்டோம்.

தாவீது சவுலைத் தொடவில்லையே என்றும் சொல்வார்கள். சரி, தொடவில்லை. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, சேனையோடு வந்திருந்த சவுலை எல்லோர் காதிலும் விழும்படி கூப்பிட்டு, நான் என்ன தப்பு செய்தேன், ஏன் என் உயிரைத் தேடுகிறீர் என்று கேட்டான். கைவைக்காமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு. அம்மாவிடம் கோபப்படாமல் இதைப் பேசிப் பாருங்கள். அவர் மனதில் இருப்பது பயபக்தி. அதை யாரோ தவறான இடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் நண்பர்கள் சொல்வது. 'ஒரு மனுஷன் விழுந்துட்டார்.' இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஹில்சாங் 1983-இல் பால்கம் ஹில்ஸில் ஒரு பள்ளி மண்டபத்தில் பிரையனும் பாபி ஹூஸ்டனும் தொடங்கியது. பிரையனின் அப்பா ஃபிராங்க் ஹூஸ்டன் நியூசிலாந்திலிருந்து வந்த பெந்தெகொஸ்தே போதகர். 1977-இலேயே சிட்னியில் ஒரு சபை தொடங்கியவர். 1970-இல், ஊழியத்துக்காக சிட்னி வந்தபோது, தன்னை நம்பி இடம்கொடுத்த ஒரு வீட்டின் ஏழு வயதுப் பையனைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். அது பல வருஷம் தொடர்ந்தது. பதினாறு வயதில் அந்தப் பையன் அம்மாவிடம் சொன்னான். ஜனங்கள் சபையை விட்டு விலகி நரகத்துக்குப் போக நீ காரணமாகிவிடாதே என்று அம்மா தடுத்ததாக, நடுவயதைத் தாண்டிய பிறகு அவர் அரச ஆணையத்தின் (அரசு அமைத்த விசாரணைக் குழு) முன் சாட்சி சொன்னார். உங்கள் அம்மா உங்களிடம் சொல்வதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. அந்தத் தாயும் கெட்டவள் இல்லை. சபையின் பெயர் கெடக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் வளர்க்கப்பட்டவள்.

விஷயம் பிரையனிடம் வந்தது 1999-இல். அப்போது அவர் ஹில்சாங்கின் மூத்த போதகர் மட்டும் இல்லை, பெந்தெகொஸ்தே சபைகளின் கூட்டமைப்பான ஆஸ்திரேலிய அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் அமைப்பின் தேசியத் தலைவரும் அவர்தான். அதாவது குற்றம் செய்தவரின் மகனும் அவரே, அந்தக் குற்றத்தை விசாரிக்க வேண்டிய அமைப்பின் தலைவரும் அவரே. அப்பாவிடம் கேட்டார், அப்பா ஒப்புக்கொண்டார், போதக உரிமம் நிறுத்தப்பட்டது. போலீசுக்குப் போகவில்லை. வெளியில் அது ஓய்வு என்றே தெரிந்தது. 2004-இல் ஃபிராங்க் இறந்துபோனார், எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்காமல்.

சிறுவர் பாலியல் வன்முறையில் நிறுவனங்கள் நடந்துகொண்ட விதத்தை விசாரித்த அரச ஆணையம் 2014 அக்டோபரில் இதை எடுத்தது. அதன் முடிவுகளில் என் மனதை விட்டு அகலாதவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். அமைப்பிடம் புகார்களைக் கையாள எழுதி வைத்த நடைமுறை இருந்தது. அதன்படி, புகார் சொன்னவருக்குத் துணையாக ஓர் ஆளை நியமிக்க வேண்டும், நியமிக்கவில்லை. அவரை நேரில் கேட்க வேண்டும், கேட்கவில்லை. எடுத்த நடவடிக்கைகளைப் பதிவு செய்ய வேண்டும், செய்யவில்லை. தலைவரும் மகனும் ஒரே ஆளாக இருந்துகொண்டு இந்தப் பொறுப்பை எடுத்தது நலமுரண் என்றது ஆணையம். நஷ்டஈடு பேசிய இடம் தோர்ன்லீயில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை. ஃபிராங்க் இன்னொருவரோடு வந்து, 10,000 டாலர் தருவதாகச் சொல்லி, அழுக்கான ஒரு டிஷ்யூ தாளில் கையெழுத்து வாங்கினார் என்று பாதிக்கப்பட்டவர் சொன்னார். ஒரு குழந்தைப் பருவம் முழுவதற்கும் டிஷ்யூ தாளில் கணக்கு முடித்திருக்கிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் குற்றத்தைப் போலீசிடம் மறைத்ததாக 2021-இல் பிரையன் மேல் வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பாதிக்கப்பட்டவர் அப்போது வயதுவந்தவர், போலீசுக்குப் போவதை அவர் விரும்பவில்லை, ஆகவே சொல்லாமல் இருந்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்பது தீர்ப்பு. சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. அதை மாற்றிப் பேசுகிறவர்களோடு நீங்கள் சேர வேண்டாம். ஆனால் ஒரு மேய்ப்பனிடம் நாம் கேட்கும் கேள்வி சட்டம் கேட்கும் கேள்வியோடு நின்றுவிடுவதில்லை.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நின்று இதை எழுத எனக்கும் உரிமை இல்லை. பல வருஷம் முன்பு ஒரு சிறிய சபையின் கமிட்டியில் செயலாளராக இருந்தேன். பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண், இருபது வயது இருக்கும், ஒரு மூப்பரைப் பற்றிப் புகார் சொன்னாள். கமிட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது. யாருக்கெல்லாம் தெரியும், வெளியில் போய்விட்டதா, பண்டிகை சமயத்தில் இது தேவையா, இதையேதான் திரும்பத் திரும்பப் பேசினோம். அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் என் கையால் நான் எழுதியது ஒரே ஒரு வரி: 'பாடகர் குழு சம்பந்தமான காரியத்துக்காக ஜெபிக்கத் தீர்மானிக்கப்பட்டது.' அவள் பெயர் இல்லை, அவர் பெயர் இல்லை, என்ன காரியம் என்றும் இல்லை. மூன்று மாதத்தில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். ஆணையத்தின் முடிவில் 'பதிவு செய்யவில்லை' என்பதைப் படித்தபோது அந்தப் பக்கம் அப்படியே எனக்குத் தெரிந்தது. நாங்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. சபையைக் காப்பாற்றுகிறோம் என்று நிஜமாகவே நம்பினோம். அந்தக் கூட்டத்தில் அவளைத் தவிர மற்ற எல்லோரையும் காப்பாற்றினோம்.

ஹில்சாங்குக்குத் திரும்புகிறேன். 2018-இல் அது ஆஸ்திரேலியன் கிறிஸ்டியன் சர்ச்சஸ் அமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சபைப்பிரிவு ஆனது. ஆஸ்திரேலியன் கிறிஸ்டியன் சர்ச்சஸ் என்பது அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் பிற்பாடு எடுத்துக்கொண்ட பெயர்தான். உலகமெங்கும் கிளைகள் வந்துவிட்டன, இனி நாம் ஆஸ்திரேலியச் சபை இல்லை, ஆஸ்திரேலியாவில் தளம் கொண்ட உலகளாவிய சபை என்று காரணம் சொன்னார்கள். தன் போதகர்களுக்குத் தானே அங்கீகாரம் கொடுக்கிற இடத்துக்கு வந்தார்கள். வளர்ச்சியாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நான் அதில் பார்ப்பது வேறு. வெளியிலிருந்து கேட்கக்கூடிய கடைசி ஆளும் அன்றோடு போய்விட்டார். வெளி அமைப்பு இருந்தும் 1999-இல் என்ன கிழித்தது என்று கேட்பீர்கள். உண்மைதான். அன்று அந்த அமைப்பின் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருந்தார். இரண்டிலும் ஒரே நோய்: கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும். 2020 நவம்பரில் நியூயார்க் போதகர் கார்ல் லென்ட்ஸ் நீக்கப்பட்டார். 2022 மார்ச்சில் இரண்டு பெண்களின் புகார்கள் வெளியே வந்தன. ஒன்று 2013-இல் ஓர் ஊழியருக்கு பிரையன் அனுப்பிய தகாத குறுஞ்செய்திகள். மற்றது 2019 மாநாட்டின்போது ஒரு பெண்ணின் ஓட்டல் அறைக்குள் அவர் போனது. நிர்வாகக் குழுவுக்கு இரண்டும் முன்பே தெரியும். ஒன்பது வருஷம் ஒன்றும், மூன்று வருஷம் மற்றதும் உள்ளேயே இருந்தன. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வெளியே கார்களுக்கு வழிகாட்டிக்கொண்டு இருந்தீர்கள். 'ஒரு மனுஷன் விழுந்தார்' என்கிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: விழுந்ததைப் பார்த்தும் சொல்லாமல் சுற்றி நின்றவர்கள் எத்தனை பேர்?

சரிவு வேகமாக வந்ததற்கும் காரணம் இருக்கிறது. சில வாரங்களில் அமெரிக்காவின் 16 கிளைகளில் 9 விலகின. பழைய சபைகளில் அசிங்கங்கள் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அதே ஆணையத்தின் முன் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் தலைகுனிந்து நின்றார்கள். ஆனால் நூறு போதகர்களை அடக்கம் செய்த ஒரு சபைக்கு, போதகர் இல்லாமலும் உயிரோடு இருக்கத் தெரியும். ஹில்சாங் அப்போது நாற்பது வயதுகூட ஆகாத சபை. தொடங்கியவரைத் தவிர வேறு தலைவரை அதுவரை அது பார்த்ததே இல்லை. அந்த முகத்தை நம்பிச் சேர்ந்த கிளைகள் அந்த முகம் போனதும் கழன்றுகொண்டன. 2023 மார்ச்சில் ஆண்ட்ரூ வில்கி என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் ஆவணங்களை வைத்து, காணிக்கைப் பணம் ஆடம்பரத்துக்குப் போனதாகக் குற்றம்சாட்டினார். சூழலிலிருந்து பிரித்துப் பேசுகிறார் என்றது சபை. அதற்குள் நம்புவதற்கு ஜனங்களிடம் தெம்பு மிச்சம் இல்லை.

அப்புறம், பாட்டுகள். கேளுங்கள். அவற்றை எழுதியவர்களும் பாடியவர்களும் வாசித்தவர்களும் பல பேர்; அவற்றைப் பாடி அழுத நீங்களும் அதில் ஒருவர். உரிமத்தொகை அந்த அமைப்புக்குப் போகிறதே என்று ஆராதனையில் பாடுவதை நிறுத்திய சபைகள் உண்டு, அதை நான் மதிக்கிறேன். நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. அந்த இடத்தில் காயப்பட்ட ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் பாடமாட்டேன். வீட்டில் தனியாகப் பாத்திரம் கழுவும்போது பாடுகிறேன்.

எப்போதாவது வேறு சபைக்குப் போகத் தோன்றினால், பிரசங்கம் எப்படி, இசை எப்படி என்று பார்ப்பதற்கு முன்பு அங்கே ஒருவரிடம் கேளுங்கள்: இந்தப் போதகரைப் பற்றி ஒரு பெண்ணோ பிள்ளையோ புகார் சொன்னால் அது யாரிடம் போகும்? அவர் போதகரின் உறவினரா, அவரிடம் சம்பளம் வாங்குகிறவரா? கேட்டதும் முகம் சுளித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒரு பெயரையும் ஒரு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தால் அடுத்த ஞாயிறும் போங்கள்.

எங்கள் பாடகர் குழுவில் இருந்த அந்தப் பெண்ணுக்கு, பிற்பாடு நான் கடிதம் எழுதினேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை. கமிட்டியில் அன்று இருந்தவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமும் பேசிவிட்டேன், ஒருவர் போனை வைத்துவிட்டார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா