சாமி கும்பிடுகிறவர் காசு விஷயத்தில் சுத்தமாக இருப்பாரா?

"தெய்வ நம்பிக்கை உள்ளவர்கள் தொழிலிலும் நேர்மையாக இருப்பார்கள் என்கிறார்களே, உங்கள் அனுபவத்தில் அது உண்மையா?" என்பது கேள்வி.

என் அனுபவத்தில் பாதி உண்மை. கணக்கு நோட்டில் எதற்கெல்லாம் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களோ அதற்கெல்லாம் நேர்மையாக இருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் இதை நான் புரிந்துகொண்டேன், அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதினார். (2019ல் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். எனக்கு அது இன்னும் வேலூர்தான், அப்பாவுக்கோ இன்றைக்கும் வட ஆற்காடு.) முதலாளி ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம் பெரியவர். அப்பா விபூதி இல்லாமல் வாசற்படி தாண்டாதவர். அந்த விபூதி நெற்றியோடு உட்கார்ந்து வருடா வருடம் முதலாளியின் ஜகாத் கணக்கை, அதாவது வசதியுள்ள முஸ்லிம்கள் ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்கவேண்டிய பங்கின் கணக்கை, போட்டது அப்பாதான்.

ஜகாத் என்றால் உண்டியலில் மனசுக்குத் தோன்றியதைப் போடுகிற மாதிரி என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்பா வேலையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஆடிட்டர் வேலையே தேவலாம் என்று. கையிருப்பு, பேங்க் இருப்பு, விற்பனைக்குக் கிடக்கிற சரக்கு, வசூலாகும் என்று நம்பிக்கை உள்ள பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்கவேண்டிய கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம். கட்டடமும் மெஷினும் இதில் சேராது. ஆனால் சரக்கு சேரும், தோலில் சரக்கு என்றால் லேசில் முடியாது, உப்புப் போட்ட தோல் ஒரு விலை, வெட் புளூ என்கிற பாதி பதனிட்ட தோல் ஒரு விலை, ஃபினிஷ் ஆகி ஏற்றுமதிக்கு அடுக்கி வைத்தது ஒரு விலை, அதுவும் அன்றைய சந்தை விலைக்குப் போடவேண்டும். போதாக்குறைக்கு கம்பெனிக் கணக்கு மார்ச் 31ல் முடியும், ஜகாத்துக்கோ பிறைக்கணக்கு வருடம், அது ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஒரு காலத்தில் பொங்கல் சமயத்தில் ஜகாத் கணக்குப் போடுகிற ரம்ஜான் வந்தது, சில வருடங்கள் போனால் தீபாவளிக்கு வந்துவிட்டது, துணி எடுக்கப் போகலாம் என்று அம்மா புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அப்பா குடோனில் தோல் எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை கொஞ்சம் தோல் ஓட்டை விழுந்தது, கீறல் உள்ளது என்று அப்பா விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறார். முதலாளி நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "கணக்குப்பிள்ளை, இதே விலைக்கு நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா தூக்கிக் குடுத்துடுவீங்களா?" அப்பா அடித்துவிட்டு விலையை ஏற்றி எழுதினார். (அதே தோல் வருமான வரிக் கணக்கில் என்ன விலைக்குப் போனது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.)

வட்டி அவர் மார்க்கத்தில் கூடாது, அதனால் பேங்கில் தானாக ஏறுகிற வட்டிக்கும் தனிப் பக்கம் உண்டு. தலைப்பு அப்பா வைத்ததுதான்: "வேண்டாத வரவு". அந்தப் பணத்தை முதலாளி தொடமாட்டார், ஜகாத்திலும் சேர்க்கமாட்டார், புண்ணியம் எதிர்பார்க்காமல் யாராவது ஏழைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கோ எதற்கோ போய்விடும். ஆனால் ஏற்றுமதிக்கு வாங்கிய கடனுக்கு டேனரி கட்டின வட்டியைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, அது செலவோடு செலவாகப் போனது. சரி, அது அவருக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

மொத்தத்தில் அந்த மனிதரை நேர்மையானவர் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பச்சைத் தோல் கொண்டுவந்து போடுகிறவர்கள் துண்டுச் சீட்டுகூட வாங்காமல் போவார்கள், பணம் சொன்ன கிழமைக்கு வந்துவிடும். கண்ணுக்கு எதிரே இருக்கிற ஆளுக்குக் கொடுக்கவேண்டியதை மார்க்கமும் நோட்டும் சேர்ந்து பார்த்துக்கொண்டன.

வெளியே தெரிகிற பக்தியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அம்மா தீபாவளிச் சீட்டு கட்டினார், மாதம் ஐநூறு. கடைசியில் மளிகை, ஸ்வீட், பட்டாசு, ஒரு சின்னத் தங்கக் காசு தருவதாகப் பேச்சு. சீட்டு அட்டையில் அம்மன் படம், நடத்தினவர் ஆடி மாதம் தெருவுக்கே கூழ் ஊற்றுகிறவர். ஐப்பசி பிறந்ததும் ஆளைக் காணோம், வீட்டில் பூட்டு. போலீசுக்குப் போகலாம் என்றதற்கு அம்மா சொன்ன பதில், "கூழ் ஊத்தின கைடா அது, வந்துடுவான்." வரவில்லை. அவருடைய பக்தி நடிப்பு என்றுகூட என்னால் சொல்லமுடியவில்லை, உண்மையாகவே கும்பிட்டிருப்பார். அதைப் பார்த்து ரசீது கேட்காமல் விட்டது எங்கள் தெருதான்.

இது சின்ன விஷயம். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு வருடக்கணக்காக உறுத்துவது.

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீர் உப்பையும் குரோமியத்தையும் எடுத்துக்கொண்டு எங்கே போகும்? பாலாற்றுக்கும் பக்கத்து நிலத்துக்கும்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று ஆற்றோரமாகவே டேனரிகள். பாலாறு வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான், ஆனால் கிணறுகளுக்கு ஊற்று அதுதானே. வேலூர் மக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும் என்று. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தியா முழுக்கப் பாடமாக இருக்கிற தீர்ப்பு, நம்ம ஊர் பெயரில். டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பிறகு 2001ல் இழப்பீட்டுக் கணக்கு வந்தது: 547 டேனரிகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், தொகை ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம். கணக்குப்பிள்ளை மகன் இல்லையா, வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. அதோடும் முடியவில்லை, 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்தில் இழப்பீடு கொடுக்கச் சொல்லி மறுபடி உத்தரவு போட்டது.

அந்த டேனரிக்காரர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. பள்ளிவாசலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சர்ச்சுக்கும் கேட்டதும் எழுதிக் கொடுத்தவர்கள்தான் அதிகம். எனக்குத் தெரிந்தவரை அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாற்பதில் ஒரு பங்கை ரூபாய் சுத்தமாக எடுத்து வைக்கிறவருக்கு, கீழே எங்கேயோ ஒரு கிணறு உப்புக் கரித்தால் அந்தக் கிணற்றுக்காரருக்குத் தான் கடன்பட்டிருக்கிறோம் என்று தோன்றவே இல்லை. தோன்றவைக்க ஒரு கோர்ட் தேவைப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியது, கணக்கில் அதற்குச் செலவு ஏறியது எல்லாம் வழக்குக்கு அப்புறம்தான்.

அப்படிக் கரித்த கிணறுகளில் ஒன்று என் தாய்மாமனுடையது. அப்பா வேலை பார்த்த டேனரிதான் காரணம் என்று சொல்லமுடியாது, மேலே வரிசையாக எத்தனையோ இருந்தன. தென்னை நின்றது, ஆனால் காய் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறுத்துப்போனது. நெல்லை விட்டார், அப்புறம் நிலத்தையே விட்டுவிட்டு செங்கல் சூளைக்குப் போனார். இழப்பீட்டுச் செக் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே அப்பாவிடம் சிரித்தபடிதான் கேட்டார்: "ஏன் மாமா, இத்தினி வருசம் நோட்டு எழுதினீங்களே, என் கிணறு அதுல எந்தப் பக்கத்துல இருக்குது?"

அப்பா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் எழுதச் சொல்லல. நானும் எழுதல."