ஆன் ஆகும்போதே நின்றுபோகிறதா? வாசகர் கேள்விகள்

அண்ணாச்சி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். விண்டோஸ் லோகோ வருது, கீழ புள்ளி சுத்திட்டே கெடக்கு. ஃபார்மட் போடணும்னு ஒரு பையன் சொல்லுதான். போட்டுரவா? (அம்பாசமுத்திரம்)

பார்த்ததுமே ஃபார்மட் என்று சொல்பவர் கையில் சிஸ்டத்தைக் கொடுக்காதீர்கள். லோகோ வரை வருகிறதென்றால் மதர்போர்டு (உள்ளே இருக்கும் பிரதான பலகை) பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. விண்டோஸ் ஏதோ ஒரு டிரைவரிலோ (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்) கோப்பிலோ சிக்கி நிற்கிறது. கீபோர்டு, மவுஸ் தவிர பிரிண்டர், ஸ்கேனர், யாரோ மறந்துவிட்டுப் போன பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், புள்ளி சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து இப்படிச் செய்தால் விண்டோஸ் 10, 11 தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். எஃப்8-ஐத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்; அந்த வழி விண்டோஸ் 8 வந்ததோடு மூடிவிட்டது. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை. நடுவில் 48 இலக்க பிட்லாக்கர் எண் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின் சாவி) கேட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள்.

சேஃப் மோடில் திறந்தால் கடைசியாகப் போட்ட டிரைவரையோ ஆன்டிவைரஸையோ நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் உலகெங்கும் விமான நிலையக் கணினிகள் முடங்கினவே, அவற்றில் பலவற்றைச் சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்துத்தான் மீட்டார்கள்.

அதிலும் நின்றால் ஹார்ட் டிஸ்க் பக்கம் காதை வையுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் மறுபடி ஆன் செய்யவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சேதம் கூடும். முதலில் டேட்டாவை எடுக்கப் பாருங்கள்.

ஃபேன் சுத்துது, பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணுமில்ல. (உவரி)

விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கடற்கரை ஊர், உப்புக்காற்று. எனக்கு ரேம் (தற்காலிக நினைவகப் பலகை) மேல்தான் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்தி மாட்டுங்கள்.

தினமும் காலைல தேதி பழசாக் காட்டி, எஃப்1 அமுக்கச் சொல்லுது. (பாளையங்கோட்டை)

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் செல் தீர்ந்துவிட்டது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைப்பீர்கள் போலிருக்கிறது; அப்போது கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது இந்தச் செல்தான். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், மாற்றுங்கள். தேதி தப்பாக இருந்தால் பேங்க் தளங்களும் திறக்காது.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிட்டு. இப்ப 30 சதவீதத்துலயே நிக்கி. (தென்காசி)

ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுங்கினால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள், உள்ளே வேலை நடக்கிறது. அசைவே இல்லையென்றால் மட்டும் அணைத்து ஆன் செய்யுங்கள். பழைய நிலைக்கு அதுவே திரும்பப் பார்க்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதென்றால், அதில் 'யூபிஎஸ் மோட்' (கரண்ட் போனதும் சட்டென்று மாறும் முறை) சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.