விரலில் சக்கரம் இருந்தால் வாயில் புற்று வருமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. விசைத்தறி வேலை. பத்து வருஷமாக ஹான்ஸ் புகையிலை வைக்கிறார். போன மாதம் பட்டறைக்கு வந்த ஒரு முகாமில் பத்து விரலையும் மிஷினில் வைத்துப் பார்த்து, ‘ரேகை அமைப்பின்படி வாய்ப் புற்றுநோய் அபாயம் அதிகம்’ என்று கலர் ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதற்கு ரூ.2,500 வாங்கினார்கள். இப்போது தடுப்பு பேக்கேஜ் என்று ரூ.18,000 கேட்டு தினமும் போன் வருகிறது. ஆதார் நகலும் அவர்களிடம் இருக்கிறது. அதே முகாமில் என் தம்பிக்கு ‘அபாயம் குறைவு’ என்று வந்துவிட்டதால் அவன் இன்னும் தைரியமாகப் போடுகிறான். இந்த ரேகைக் கணக்கை நம்பலாமா? கணவருக்கு ஆறேழு மாதமாகக் காரம் சேருவதில்லை. வாய் எரிகிறது என்று தயிர் சாதம்தான் சாப்பிடுகிறார்.
— வாசகி, பள்ளிபாளையம்

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி இரண்டு வரிதான் எனக்கு முதல் வரி. ரேகையை அப்புறம் பார்ப்போம்.

இன்று ராத்திரி அவர் வேலை முடிந்து வந்ததும் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து வாயை முழுசாகத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் நுழைக்கட்டும். மூன்றும் போனால் சரி. இரண்டோடு நின்றுவிட்டால், கன்னத்தின் உள்தோல் நார் பிடித்து இறுக ஆரம்பித்திருக்கலாம். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். காரம் பட்டால் எரிவது அதன் ஆரம்பக் குறி. இது புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு நாளடைவில் புற்றாக மாறுகிறது. இது பெரும்பாலும் பாக்கினால் வருவது. ஹான்ஸ் மட்டும்தான் என்று அவர் சொல்வார். பான் மசாலாவோ பாக்குப் பொட்டலமோ கூட உண்டா என்று சண்டை போடாமல் கேளுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. நம் ஊரில் கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் அதை இன்னும் ஜீரணத்துக்கு என்று நீட்டுகிறோம்.

அப்படியே செல்போன் டார்ச்சை அடித்து, அவர் வழக்கமாகப் பொட்டலத்தை ஒதுக்கி வைக்கும் இடத்தை, உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பாருங்கள். நாக்கின் இரு ஓரங்களையும் விடாதீர்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த இடம், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தடித்த கட்டி: இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. எதுவுமே கண்ணில் படாவிட்டாலும், எரிச்சல் இருப்பதால் அவர் டாக்டரிடம் வாயைக் காட்டத்தான் வேண்டும்.

சரி, ரேகை. சின்ன வயதில் விரலில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணியிருப்பீர்கள். அதே சமாச்சாரம்தான் இது. உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட விரல்களில் சங்கு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் சக்கரம், நூற்றுக்கு ஐந்து வாக்கில் வெறும் வளைவு. தாய் வயிற்றில் மூன்றாம் மாத வாக்கில் உருவாகத் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் இவை நிலைத்துவிடும். உதடும் அண்ணமும் அதற்குச் சற்று முன்னால் உருவாகின்றன. அந்தச் சமயத்தில் மரபணுவில் இருக்கும் குறை ஏதாவது இரண்டு இடத்திலும் தடம் விட்டிருக்குமோ என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். சந்தேகத்தில் தப்பில்லை. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளின் உள்ளங்கை ரேகையில் வித்தியாசம் இருப்பதை 1930-களிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் கதை வேறு. இங்கே நடந்தவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். நோயாளிகள் சில பேர், நோயில்லாதவர்கள் சில பேர் என்று ரேகை எடுத்து எண்ணிப் பார்ப்பது. ஒன்றில் நோயாளிகளிடம் சக்கரம் குறைவு, வளைவு அதிகம். இன்னொன்றில் சக்கரமே அதிகம். இப்படி ஆளுக்கொரு விடை வரும் கணக்கை வைத்து, உங்கள் வீட்டுக்காரர் ஒருவருக்கு அபாயம் இவ்வளவு என்று எந்த யோக்கியமான டாக்டரும் எழுதித் தரமாட்டார். பிறகு ஏன் இத்தனை ஆய்வு என்கிறீர்களா? எங்கள் துறையின் சங்கடம் அது. மேற்படிப்பு முடிக்க ஆய்வேடு வேண்டும், பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும். ஸ்டாம்ப் பேட், வெள்ளைத்தாள், பூதக்கண்ணாடி இருந்தால் ஓர் ஆய்வு முடிந்தது. பழக்கத்தை விடவைத்து, அதே ஆட்களைப் பத்து வருஷம் பின்தொடர்கிற ஆய்வுக்குப் பணமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. அந்தக் கட்டுரைகளின் தலைப்பை அச்சடித்துக்கொண்டுதான் முகாம்காரர்கள் வருகிறார்கள். பிள்ளைகளின் ரேகையைப் பார்த்து இன்ஜினியரா டாக்டரா என்று சொன்ன அதே வியாபாரம் இப்போது வேறு போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் அப்போதே சொன்னது. யார் கேட்டார்கள்?

எனக்கு உங்கள் கணவரின் ரிப்போர்ட்டைவிடத் தம்பியின் ரிப்போர்ட்தான் பயமாக இருக்கிறது. ‘அபாயம் அதிகம்’ என்று பயமுறுத்தினால் பணம்தான் போகும். ‘குறைவு’ என்று எழுதிக் கொடுத்ததை அவன் லைசென்ஸாக எடுத்துக்கொண்டான். விரலில் என்ன வடிவம் இருந்தாலும் புகையிலை படுவது கன்னத்தில்தானே?

அடுத்தது அவசரம். ரேகையும் ஆதார் எண்ணும் ஒரே ஆளிடம் போயிருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் ஓ.டி.பி. கேட்காமலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி ஊர்ப்புறங்களில் உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைச் சிலிக்கானில் வார்த்துப் பணத்தை உருவிய வழக்குகள் சில மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டும் வசதி இருக்கிறது. இன்றைக்கே பூட்டுங்கள். தம்பியுடையதையும் சேர்த்து. ரேஷன் கடைக்கோ வங்கிக்கோ தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். ரூ.18,000 போன் வந்தால் எடுக்கவே வேண்டாம்.

ரேகைக்கும் புற்றுநோய்க்கும் நான் கண்ணால் கண்ட தொடர்பு ஒன்று உண்டு. கேபசிடபின் என்றொரு மாத்திரை. குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பரவலாகக் கொடுப்பது. சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தோல் உரிந்து, விரல் நுனி மழமழவென்று ஆகிவிடும். ரேகை மிஷினில் விழாது. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயது நோயாளி ஒருவரை விமான நிலையத்தில் ரேகை இல்லை என்று நான்கு மணி நேரம் உட்காரவைத்தார்கள். 2009-ல் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி அது. அவ்வளவு தூரம் போவானேன்? என்னிடம் வந்த ஓர் அம்மா ரேஷன் கடையில் மூன்று நாள் திருப்பி அனுப்பப்பட்டார். கையைக் கழுவிட்டு வாங்க, தேங்காயெண்ணெய் தடவிட்டு வாங்க, வெயில்ல காயவச்சுட்டு வாங்க என்று ஆளுக்கொரு யோசனை. தேய்ந்துபோன விரலுக்குச் சோப்பு என்ன செய்யும்? இப்படி ஆனவர்கள் மாத்திரை எழுதிய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண் கருவிழிப் பதிவு கேளுங்கள், இல்லையென்றால் பதிலாள் நியமிக்க மனுக் கொடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முடித்த பிறகு பலருக்கு ரேகை திரும்ப வருகிறது. உங்கள் வீட்டுக்கு இது சம்பந்தமில்லாத கதைதான். ஆனால் மாத்திரையால் ரேகை அழிந்தவர்களையும் இந்த முகாம்காரர்கள் ‘ரேகையே இல்லை, ஆபத்து’ என்று பிடிப்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

எதை நம்புவது என்றால், 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஆய்வை நம்புங்கள். சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவற்றில் ஏழில் மட்டும் வீடு வீடாக அனுப்பி, வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்க்கவைத்தார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற ஆறு பஞ்சாயத்துகளைவிட 24 சதவீதம் குறைந்திருந்தது. இந்தியாவில் 2022-ல் மட்டும் ஏறக்குறைய 1,43,000 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்திருக்கிறது என்பது உலகக் கணக்கு. இருந்தும் காய்ச்சலுக்குப் போகிறவனை ‘ஆ’ காட்டச் சொல்லிக் கன்னத்தைப் பார்க்க எந்த ஓ.பி.யிலும் நேரமில்லை. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தது, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது, அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இவ்வளவுக்கும் நடுவில் பெட்டிக்கடையில் ஒரு நாளும் சரக்கு தட்டவில்லை.

பெருந்துறையிலோ சேலத்திலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பல் பிரிவில் காட்டுங்கள். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் தயங்க வேண்டாம், மிளகு அளவுதான் எடுப்பார்கள். ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்பது சும்மா. அந்தப் பேச்சை நம்பி நாட்டு மருந்து, பொடி என்று ஆறு மாதம் ஓட்டியவர்களைத்தான் முற்றிய நிலையில் பார்க்கிறோம். வாசலில் ‘காப்பீட்டு அட்டை உடனே போட்டுத் தர்றேன்’ என்று ஆயிரம் ரூபாய் கேட்பவனிடம் நிற்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் காசு கிடையாது; வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மையத்துக்கு நேரே போனால் போதும்.

பழக்கத்தை விட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் ஆலோசனை சொல்வார்கள். முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும், வீட்டில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ஓ.பி. சீட்டாக வாங்குங்கள். அவன் வர மறுத்தால், அந்த மூன்று விரல் சோதனையை மட்டுமாவது அவனுக்கும் செய்து பாருங்கள்.